தாழி மண்ணில் கிடைத்த கடைவாய்ப்பல்

செத்தவர்களின் பல் பொய் சொல்லாது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அந்தப் பல்லைக் கையில் வைத்திருப்பவள் எவ்வளவு உளறலாம் என்பது பாடத்தில் இல்லை.

தொல்லியல் படித்துக்கொண்டிருந்தேன். தோவாளைக்குப் பக்கத்தில் செல்லம்மை அக்காவின் பிச்சிப்பூத் தோட்டத்தில் கிணறு வெட்டும்போது முதுமக்கள் தாழி ஒன்று தட்டுப்பட்டது. பழங்காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானை. எங்கள் பேராசிரியர் கெஞ்சிக் கூத்தாடி அக்காவைச் சம்மதிக்க வைத்திருந்தார். அந்த மண்ணில் எலும்பு மக்கிவிடும், பல் தப்பிக்கும் என்பதால், தாழிக்குள்ளிருந்து அள்ளிக் குவித்த மண்ணைச் சலிக்கும் வேலை எனக்கு.

ஒரு மத்தியானம் சல்லடையில் ஒரு கடைவாய்ப்பல்! பேராசிரியர் சாப்பிடப் போயிருந்தார். (இருந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.) பூப்பறிக்கும் பெண்களும் அக்காவும் சூழ்ந்துகொண்டார்கள். நான் மேடையேறிவிட்டேன்.

“இது ஒரு மூதாட்டியின் பல். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். பாவம், கஞ்சிக்கே வழியில்லாத குடும்பம்.”

செல்லம்மை அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எந்த மகராசியோ, எனக்க தோட்டத்துலயா கெடந்தா?” என்று மடியிலிருந்து பிச்சிப்பூவை அள்ளிப் பல்லின் மேல் போடக் குனிந்தார். குனிந்தவர் பல்லைப் புரட்டிப் பார்த்தார். நாக்கால் வாய்க்குள் துழாவினார்.

“ஏட்டி, இது எனக்க பல்லுல்லா! காலைல முறுக்கு கடிச்சப்பம் விழுந்துது. இந்தக் குவியல்லதான் எறிஞ்சேன்.”

பெண்கள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தார்கள்.

“நாப்பத்தெட்டு வயசுக்காரி ஒனக்கு மூதாட்டியா? கஞ்சிக்கு வழியில்லாத வீடா எனக்க வீடு? எல்லாரும் தோட்டத்த விட்டு எறங்குங்க!”

பேராசிரியர் திரும்பி வந்தபோது நானும் சக மாணவர்களும் சல்லடையோடு ரோட்டோரத்தில் நின்றோம். அவர் சல்லடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்க அக்காவின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் மகன் என்னைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உள்ளேயிருந்து குரல் வந்தது: “அவளுக்கு எலையப் போடு மக்கா. கஞ்சிக்கு வழியில்லாத வீடு எப்பிடி இருக்கும்னு பாத்துட்டுப் போவட்டும்.”

அவியல், எரிசேரிக் கூட்டு, பிரதமன் பாயசம். போதும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் மூச்சு முட்ட உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “நாளைக்கு வந்து தோண்டுங்க” என்றார்.

தாழியில் இருந்தவரின் பல் பிறகு கிடைத்தது. நான் வாயே திறக்கவில்லை.

சுவரைப் பிடித்துச் சிரித்தவனைத்தான் கட்டிக்கொண்டேன். பிச்சிப்பூ வாசம் வந்தால் இன்றும் எனக்குக் காது சூடாகும். அக்கா இப்போது எனக்கு அத்தை. வீட்டுக்கு யார் வந்தாலும், பல்செட் குலுங்கக் குலுங்க அவர் சொல்வது இதுதான்:

“ஊருல எல்லாரும் பொண்ணப் பாத்துட்டுக் கட்டுவாவ. எனக்க மருமவ மாமியாருக்க பல்லப் பிடிச்சுப் பாத்துட்டுல்லா வந்தா!”