மாடு மேய்ந்த அரண்மனை

அன்று விடியற்காலையில் சாவடி மேடைப் பக்கம் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி முத்தம்மா, பெண்கள் பக்கம் முதல் வரிசை. அவள் அண்ணன் சங்கையா, மேடையில், ராஜா வேஷம். ஆர்மோனியக்காரர், பாதித் தூக்கம். ஊர் சனம், முக்கால் தூக்கம். படுதாவுக்குப் பின்னால் நான், முழுத் தூக்கம். கடைசியாக வந்தது எங்கள் வீட்டு மாடு. அது ஒன்றுதான் நன்றாக முழித்திருந்தது.

எனக்குப் பேச்சு வராது. எழுத்தும் மூன்றாம் வகுப்போடு சரி. மற்றவர்கள் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மாட்டை யானையாக்கிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையில் பருத்தி அரைக்கும் மில்லில் வேலை பார்த்தேன். வலது கையில் நடு மூன்று விரல்களை மிஷின் எடுத்துக்கொண்டது. பெருவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். திரும்பி வந்த அன்றைக்கே டீக்கடையில் ஒருவர் கையைப் பார்த்துவிட்டு, “என்னப்பா, கவட்டைக் கம்பு மாதிரி இருக்கு” என்றார். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் என் பெயர் கவட்டை ஆகிவிட்டது. (எங்கள் பக்கம் பெயர் வைக்க ஜோசியர் வேண்டாம். டீக்கடை போதும்.)

கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டேன். பிறகு ஆளே மாட்டுத் தொழுவத்துக்குள் ஒளிந்துகொண்டேன்.

கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் விறைத்துப் போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சும்மா எப்படி ஆட்டுவது? அடுப்புக்கரி ஒன்றை இரண்டு விரலுக்கும் நடுவில் இடுக்கி, தொழுவத்துச் சுவரில் மாடு வரைந்தேன். சாணி அள்ள வந்த முத்தம்மா நின்று பார்த்தாள்.

“கட்டிலா?”

“மாடு.”

“காலு நாலும் சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஒன்று தெரிந்தது. இருக்கிற விரலைவிட இல்லாத விரல்தான் அதிகம் வலிக்கும். கரியைப் பிடித்திருக்கிற நேரம் அந்த மூன்றும் வலிக்கவில்லை. அதனால் வரைந்தேன். வேறு ஞானம் ஒன்றும் கிடையாது. சுவர் நிறைந்ததும் முத்தம்மா ஒன்றும் கேட்காமல் சுண்ணாம்பு அடித்து வைத்தாள். மறுபடி வரைந்தேன். மாடு கட்டிலிலிருந்து மாடாக ரொம்ப நாள் ஆனது.

பங்குனிப் பொங்கலுக்கு நாடகம் வைத்தார்கள். டவுனில் வாடகைக்கு எடுக்கும் படுதா வேறு ஊருக்குப் போய்விட்டது. சங்கையா மச்சான் தொழுவத்துக்குள் வந்து சுவரைப் பார்த்தார்.

“மாப்ளே, துணியில ஒரு அரமனை போட்டுக் குடு.”

“மேடைக்கு வர மாட்டேன்.”

“ஒன்னைய யாரு கூப்புட்டா? அரமனைதான வேணும்.”

காடாத்துணியைச் சேர்த்துத் தைத்தேன். புளியங்கொட்டையை அரைத்துப் பசை காய்ச்சி, கலர்ப்பொடி கலந்து, தூண் தூணாகப் போட்டேன். கலர் கலக்காத மிச்சப் பசையைத் தினமும் மாட்டுத் தொட்டியில் ஊற்றினேன். மழையில்லாத வருஷம். மாடு தொட்டியை நக்கித் துடைத்துவிடும். (மாடு வாய் வைக்காமல் இருக்கப் பசையில் கசப்பாக மயில்துத்தம் போடுவார்கள் என்பது பிறகு தெரிந்தது.)

நாடகத்தன்று படுதாக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். அங்கே என் கையை யாரும் பார்க்க முடியாது. அதற்காகத்தான் அந்த வேலை. வீட்டில் மாட்டுக்கு நான் கூளம் போட்டிருப்பேன் என்று முத்தம்மா இருந்தாள். அவள் போட்டிருப்பாள் என்று நான் இருந்தேன்.

வெளுக்கும் நேரம், ராஜா தர்பார். மாடு அறுத்த கயிற்றோடு மேடை ஏறியது.

“ராசாகிட்ட நியாயம் கேக்க வந்திருக்குப்பா” என்று கூட்டத்தில் ஒரு குரல். தூங்கிய சனம் எழுந்து உட்கார்ந்தது. மச்சானும் விடவில்லை. “பசுவே, உன் குறை யாது?” என்றார். மாடு அவரை ஒருமுறை முகர்ந்தது. சுற்றிக்கொண்டு போய் படுதாவில் ஓரத்துத் தூணை நக்கியது. பிறகு கடித்தது.

நான் முழித்தபோது அரண்மனை போய்க்கொண்டிருந்தது. (பூகம்பம் என்று நினைத்தேன்.) துணியைப் பிடித்து இழுத்தேன். மாடு அந்தப் பக்கம் இழுத்தது. மேலே கட்டிய மூங்கில் முறிந்து படுதா சரிந்தது. பார்த்தால் மேடையில் ராஜா, மாடு, நான். துண்டு எங்கேயோ கிடந்தது. இரண்டு கையும் துணியில்.

அத்தனை மாதம் ஒளித்த கை. விட்டுவிட்டு ஓடலாம். விட்டால் மிச்ச அரண்மனையும் போகும். விடவில்லை.

“ஏலே, விட்றாத.” இது கூட்டம்.

“மாப்ளே, மந்திரியவும் வரச் சொல்லவா?” இது ராஜா.

“ஏங்க, கொம்பு, கொம்பு.” இது முத்தம்மா.

ஒருவர்கூடக் கையைச் சொல்லவில்லை. எல்லாருடைய கண்ணும் மாட்டின் வாயில் இருந்தது. துணி கிழிந்தது. நான் மல்லாந்து ஆர்மோனியத்தின் மேல் போய் உட்கார்ந்தேன். நாடகத்தின் கடைசிப் பாட்டு அதுதான்.

மறுநாள் டீக்கடைக்குப் போனேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு.

“நெசப் பயிருன்னு நம்பித் தின்னுருச்சாம்ல.”

“பயிரு போடல. தூணு.”

“தூணையே தின்னுருக்குன்னா எப்புடிப் போட்டிருப்பாரு பாரு.”

பசையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். டீ வந்துவிட்டது. கவட்டை என்ற பெயர் அன்றோடு போய், அரமனை ஆனேன். “மாடு தின்ன படுதா போட்டவுக யாரு?” என்று கேட்டுக்கொண்டு திருச்சுழிப் பக்கமிருந்துகூட ஆள் வந்தது. எழுபதுகள் முழுக்கப் படுதா வரைந்தேன். எல்லாவற்றிலும் மயில்துத்தம்.

மாடு மிச்சம் வைத்த துணி இன்னும் பரணில் இருக்கிறது. எந்த விசேஷ வீட்டிலும் இந்தக் கதை வந்துவிடும். மாடு தின்றது ஆறு முழம் என்றே சாகும்வரை சொன்னார் சங்கையா மச்சான். முழுப் படுதாவும் என்பாள் என் மகள். போன பொங்கலுக்குத் துணியை இறக்கி விரித்து, ஓட்டையை நானே அளந்தேன். நாலு முழம்.

முத்தம்மா சிரித்தாள். “அந்தக் கையில முழம் குட்டை. மத்தக் கையால அளங்க.”

இடது கையால் அளந்தேன்.

மூணேகால்.