மேனேஜரை விற்ற விவரம்

பேரன்பும் பெருமதிப்பும் உடைய மாமா அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் மாப்பிள்ளை தையல் மிஷின் மேல் காகிதத்தை விரித்து வணக்கத்தோடு எழுதிக்கொண்டது.

இங்கு அனைவரும் சௌக்கியம். அங்கு தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் தும்மலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மேலே ‘அனைவரும்’ என்று எழுதியிருப்பது நான், தங்கள் மகள், தங்கள் பேத்தி ஆகிய மூவரை மட்டுமே குறிக்கும். பேத்தியின் ஒன்பதாவது பிறந்தநாளுக்குத் தாங்கள் பெரிய மனதோடு லாரியில் ஏற்றி அனுப்பிவைத்த மட்டக்குதிரை அதில் சேராது. காரணம், சென்ற வெள்ளிக்கிழமை அதை விற்றுவிட்டேன். அப்பாடா, எழுதிட்டேன். இந்த ஒரு வரிக்காக மூணு தாளைக் கிழிச்சுப் போட்டிருக்கேன் மாமா. கிழிச்சதுல எனக்குத் துளிகூட வருத்தம் இல்லை. ரெண்டு மாசமா ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட நிம்மதியா கிழிக்க முடியாம இருந்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். போன்ல சொன்னா நடுவுல திட்டுவீங்க, கடிதம்னா நான் சொல்லி முடிச்சப்புறம்தான் திட்ட முடியும். அதனால முழுசும் படிங்க.

குதிரையோடு வந்த சீட்டில், “மூடிவிட்ட பொருட்காட்சி ஒன்றில் வாங்கியது, குழந்தைகளோடு நன்றாகப் பழகிய சாது, சொல்கிறபடி சொன்னால் கேட்கும்” என்று எழுதியிருந்தீர்கள். பழகினது உண்மை. சாதுவும் உண்மைதான், தூங்கறப்ப. ஆனா எப்படிச் சொன்னா கேட்கும்னு நீங்க எழுதவே இல்லையே மாமா! வா, போ, நட, ஓடு, ராசா, ஐயா, சாமின்னு எனக்குத் தெரிஞ்ச சொல்லையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கொல்லையில நட்டு வச்ச மாதிரி நின்னுச்சு. மட்டக்குதிரைன்னா உயரத்துல மட்டம்னுதான் நினைச்சிருந்தேன், வேலைக்கு மட்டம் போடறதாலதான் அந்தப் பேருன்னு ரெண்டாம் நாளே புரிஞ்சுபோச்சு. கடைக்கும் கொல்லைக்கும் நடுவுல பாதிக் கதவு ஒண்ணு இருக்கில்ல, அதுக்கு மேல தலையை நீட்டி, நான் தைக்கிறதைக் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மேற்பார்வை பார்க்கும். பட்டன் ஓட்டைக்கு எடுக்கிற காஜா கொஞ்சம் கோணினாலும் மூக்கால ஒரு சத்தம். உங்க பேத்திதான் அதுக்கு மேனேஜர்னு பேர் வச்சா. பேர் வச்ச நேரமோ என்னமோ, அன்னிக்கே அதிகாரம் ஆரம்பிச்சிருச்சு. தாழ்ப்பாளைப் பல்லால தள்ளத் தெரியும். பட்டன் டப்பாவைத் திறக்கத் தெரியும், மூடத்தான் தெரியாது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரோட ஜன்னல் நம்ம கொல்லையைப் பார்த்துத்தானே இருக்கு, ஒருநாள் அவர் யாரோ ஒரு பெரியவரை வாயை நல்லா திறங்கன்னு சொல்லியிருக்கார், பெரியவருக்கு முன்னாடி மேனேஜர் ஜன்னல் வழியா வாயைத் திறந்து இருக்கிற பல்லு மொத்தத்தையும் காட்டிடுச்சு, பெரியவர் அலறி வாயை மூடினப்ப டாக்டரோட விரல் உள்ளே இருந்துச்சு. கட்டுப் போட்ட விரலோட வந்து, “உங்க குதிரைக்குக் கடைவாய்ப்பல் ஒண்ணு சொத்தை, பார்த்துக்குங்க”ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார். தங்கமான மனுஷன்.

இதையெல்லாம் பொறுத்துக்கலாம். பொறுக்க முடியாதது அது சுத்தறதுதான். திரைத் துணி, தலையணை உறைத் துணியெல்லாம் நான் கத்தரியால முழுசா வெட்ட மாட்டேன். ஓரத்துல ஒரு சின்ன வெட்டு, அப்புறம் ரெண்டு கையாலயும் பிடிச்சு டர்ர்ருனு ஒரே இழு. அப்பதான் நூல் பிடிச்சு நேரா கிழியும். நான் எப்ப டர்ர்ருனு கிழிச்சாலும் சரி, அதுவரைக்கும் அசையாத குதிரை கிளம்பி, பக்கத்துல எது இருக்கோ அதை இடப்பக்கமா மூணு சுத்து சுத்திட்டு நிக்கும். கம்பம்னா கம்பம், தண்ணித் தொட்டின்னா தொட்டி, மீட்டர் பார்க்க வந்த மின்சாரக்காரர்னா மின்சாரக்காரர். கரெக்டா மூணு. ரெண்டரையும் கிடையாது, நாலும் கிடையாது. மூளையில ஏதோ கோளாறுன்னு நினைச்சேன், யார் மூளையிலன்னு கேக்காதீங்க. அப்புறம் ஒருநாள், பல் டாக்டர் ஆர்டர் கொடுத்த எட்டு ஜன்னல் திரை தைச்சு முடிச்சு, நனைச்சு, கொல்லைக் கொடியில காய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு. கூடையை எடுத்துக்கிட்டு உங்க பொண்ணு அதை எடுக்கப் போயிருக்கா. நான் அது தெரியாம உள்ளே ஒரு தலையணைத் துணியை டர்ர். மேனேஜர் கொடிக் கயித்தைக் கழுத்துல மாட்டிக்கிட்டு கம்பத்தை மூணு சுத்து. ஓடிப்போய்ப் பார்த்தா எட்டு திரை, ஒரு கம்பம், ஒரு கூடை, உங்க பொண்ணு எல்லாம் ஒரே பொட்டலமா இருந்தாங்க. முகம் மட்டும் வெளியே தெரிஞ்சுது. அந்த முகத்தைப் பார்த்து நான் சிரிச்சிருக்கக் கூடாது. “இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்”னா. பதில் சொல்ல நான் அரை மணி நேரம் யோசிச்சதா உங்ககிட்ட சொன்னாலும் சொல்லுவா, நம்பாதீங்க. அரை நிமிஷம்தான்.

அன்னிக்கே விக்கிறதுன்னு முடிவாச்சு. முதல்ல வந்தவர் போட்டோ ஸ்டூடியோக்காரர், குழந்தைகளை மேல உட்கார வச்சுப் படம் எடுக்கலாம்னு ஆசைப்பட்டு வந்தார். மேனேஜரைப் பார்த்ததும், “அட, இவனா! பொருட்காட்சியில ஆறு வருஷம் எனக்குப் பக்கத்துக் கடை இவன்தானே! டிக்கெட் கிழிக்கிற சத்தம் கேட்டாத்தான் கிளம்புவான் சார், ஒரு டிக்கெட்டுக்கு மூணு சுத்து, அதுக்கு மேல ஒரு அடி வைக்க மாட்டான்”னு விழுந்து விழுந்து சிரிச்சார். அப்பத்தான் மாமா எனக்கு வெளிச்சமாச்சு. நான் நாள் முழுக்க உள்ளே உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறேன்னு அது நினைச்சுக்கிட்டிருக்கு! சுத்தறது அதுக்கு சேட்டை இல்லை, டியூட்டி. “அப்ப நீங்க எடுத்துக்குங்க, பழகின முகம்”னு கெஞ்சினேன். “ஸ்டூடியோவுல நானும் எந்நேரமும் கவரைக் கிழிச்சுக்கிட்டேதான் சார் இருப்பேன்”னு கும்பிட்டுட்டுப் போயிட்டார். அடுத்தவர் ரிட்டயர்டான டிரில் மாஸ்டர், காலையில சவாரி போகணும்னு ஏறி உட்கார்ந்தார். விசில் ஊதிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், அது அசையலை. அந்த நேரம் பார்த்து உங்க பொண்ணு உள்ளே ஒரு தபால் கவரைக் கிழிச்சா. இறங்கினவர் என் கையைக் குலுக்கிட்டு, அவர் வீட்டுக்குப் போறதா நினைச்சு பல் டாக்டர் வீட்டுக்குள்ள போயிட்டார்.

சரி, கிழிக்காமலே இருந்து பார்ப்போம்னு எல்லாத்தையும் கத்தரியால வெட்டினேன். இருபத்திரெண்டு வருஷமா கிழிச்ச கை, வெட்டப் பழகலை. திரையெல்லாம் ஒரு ஓரம் முழங்காலுக்கும் இன்னொரு ஓரம் கணுக்காலுக்குமா தொங்குச்சு. கல்யாணம் ஆனதுலேர்ந்து “நீங்க என்னத்தைக் கிழிச்சீங்க”ன்னு கேட்டுக்கிட்டிருந்த உங்க பொண்ணு, “தயவுபண்ணி எதையும் கிழிச்சிடாதீங்க”ன்னு கெஞ்ச ஆரம்பிச்சா. பள்ளிக்கூடம் திறக்க மூணு வாரம்தான் இருக்கு, யூனிபார்ம் எண்பது உருப்படி பாக்கி, பாக்கெட் துணி மொத்தமும் கிழிக்கணும், மேனேஜரோ கதவுக்கு மேல தலையை வச்சுக்கிட்டு என் கையையே பார்க்குது. எனக்கு வேற வழி தெரியலை மாமா.

கடைசியா பால்காரர் வந்தார். கேனைத் தூக்கித் தூக்கி முதுகு போச்சு, ஒரு சின்ன வண்டி கட்டணும்னார். நான் பொய் சொல்லலை, கேட்டதுக்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். “நிறுத்தின இடத்துல நிக்குமா?”ன்னார். “அந்த விஷயத்துல அதை அடிச்சுக்க ஆளே இல்லை”ன்னேன். “நாள் தவறாம சுத்தணுமே?” “சுத்தறதுக்குன்னே பிறந்தது.” “கெட்ட பழக்கம் ஏதாவது?” “டிக்கெட் கிழிக்கிற இடத்துக்கு மட்டும் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க.” “நான் சினிமாவுக்கே போறதில்லைண்ணே”ன்னார். ‘முழு மனதோடு விற்கிறேன்’னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன், பல் டாக்டர் கட்டுப் போட்ட விரலோட சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பேத்திதான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தா. அழலை. கயித்தைப் பால்காரர் கையில கொடுத்தா, அவ்வளவுதான். யாராவது “போறேன்”னு சொல்லிட்டு வாசப்படி தாண்டினா உங்க பொண்ணு நிறுத்தி வச்சு “போயிட்டு வரேன்”னு சொல்ல வைப்பாளே, கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவரைக்கூட விட்டதில்லை, அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. மேனேஜரோட நெத்தியைத் தடவி, “சரி, போயிட்டு வா”ன்னேன். பேத்தி சட்டுனு நிமிர்ந்து என்னைப் பார்த்தா. எதுக்குப் பார்த்தாள்னு எனக்குப் புரியலை.

அன்னிக்கு மத்தியானம் ஒரு முழு பீஸ் லைனிங் துணியை எடுத்து மடியில வச்சுக்கிட்டுக் கிழிச்சேன் பாருங்க! டர்ர். காத்திருந்தேன். ஒண்ணும் இல்லை. டர்ர். கம்பம் கம்பமா நின்னுச்சு, தொட்டி தொட்டியா இருந்துச்சு. ஆனந்தத்துல தேவைக்கு மேல எட்டு பாக்கெட்டுக்குக் கிழிச்சிட்டேன். ரெண்டு நாள்ல முப்பது உருப்படி முடிஞ்சுது. டாக்டர் ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு வேலை பார்க்கிறார். என்ன, ஒவ்வொரு தடவை கிழிச்சதும் என் தலை தானா பாதிக் கதவுப் பக்கம் திரும்புது. பழக்கதோஷம், போயிடும்.

ஒரே ஒரு விஷயம்தான் சரியில்லை, அதுக்காகத்தான் இந்தக் கடிதமே. உங்க பேத்தி அஞ்சு நாளா என்கிட்ட பேசலை. சாப்பிடறா, விளையாடறா, அம்மாகிட்ட பேசறா, டாக்டரோட விரல் எப்படி இருக்குன்னுகூட விசாரிக்கிறா. நான் கேட்டா மட்டும் தலையாட்டறதோட சரி. சண்டை போட்டாலாவது சமாதானம் பண்ணலாம். காலையில பல் தேய்ச்சதும் தெருப் பக்கம் இருக்கிற கொல்லைக் கதவை ஆ...ன்னு திறந்து வச்சுட்டுப் படியில போய் உட்கார்ந்துக்கிறா. நான் சாத்தினா மறுபடி திறக்கிறா. எதுக்கும்மான்னு கேட்டா பதில் இல்லை. ஊசியில நூல் கோர்க்க அவதான் எனக்குக் கண்ணு. இப்ப நானே கண்ணாடியை மாட்டிக்கிட்டு, நூலை நாலு தடவை நாக்குல தொட்டு, அஞ்சாவது தடவை கோர்க்கிறேன். எனக்குத் தாங்கலை மாமா. நீங்க சொன்னா கேப்பா. அப்பா ஆசைப்பட்டு விக்கலை, தொழில் அப்படின்னு அவளுக்கு ரெண்டு வார்த்தை எழுதிப் போடுங்க. அப்புறம், கோவிச்சுக்காதீங்க, அடுத்த மாசம் வர்றப்ப உயிருள்ள எதையும் கொண்டு வராதீங்க. பொம்மை போதும். அதுவும் சுத்தாத பொம்மையா பார்த்து.

அத்தை அவர்களுக்கு என் பணிவான வணக்கங்கள். தங்கள் ஆசி என்றும் எங்கள் மேல் இருக்க வேண்டும். அதை லாரியில் அனுப்ப வேண்டாம், தபாலே போதும்.

இப்படிக்கு,
இரண்டு மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விடும்
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்னிக்குக் காலையில தபால்ல போடலாம்னு சட்டையை மாட்டறேன், கொல்லையில கடகடன்னு சத்தம். போய்ப் பார்த்தா, திறந்து கிடந்த கதவு வழியா மேனேஜர், பின்னாடி ஒரு வண்டி, வண்டியில ரெண்டு பால் கேன். நேரா வந்து பாதிக் கதவுக்கு மேல தலையை நீட்டி, மிஷினை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. பத்து நிமிஷம் கழிச்சு மூச்சு வாங்க பால்காரர் வந்தார். அவர் மேலயும் தப்பு இல்லை, என் மேலயும் தப்பு இல்லை, பால் டோக்கன் புத்தகத்தை ரெண்டு பேருமே மறந்துட்டோம் மாமா. ஒவ்வொரு வாசல்லயும் டோக்கனை டர்ருனு கிழிச்சுத்தானே அவர் கையில கொடுக்கிறாங்க! “நாப்பது வீடுண்ணே, நூத்தி இருபது சுத்து. கேனைத் திறந்தா வெண்ணெய் மிதக்குது. என்னை மோர்க்காரர்னு கூப்பிடறாங்கண்ணே”ன்னு சொல்லி, நான் எழுதிக் கொடுத்த விற்பனைத் தாளை என் கையிலயே திணிச்சார். நியாயமா எனக்கு அழுகை வந்திருக்கணும். வந்துச்சு, ஆனா வேற காரணத்துக்கு. படியில உட்கார்ந்திருந்த உங்க பேத்தி எழுந்து வந்து, “நீங்கதானேப்பா அதைப் போயிட்டு வான்னு சொன்னீங்க? அதான் கதவைத் திறந்து வச்சேன்”னா. அஞ்சு நாளைக்கு அப்புறம் என்கிட்ட பேசின முதல் பேச்சு. கண்ணைத் துடைக்கலாம்னு திரும்பினா, அதுவா நானான்னு கேட்ட உங்க பொண்ணு ஒரு கட்டு கேரட்டோட நிக்கிறா. வண்டியை அவிழ்த்துட்டு, குழந்தையைத் தூக்கி மேல உட்கார வச்சேன். மேனேஜர் அசையலை. என் கையையே பார்த்துச்சு. கையில அந்த விற்பனைத் தாள்தான் இருந்துச்சு. ஒரே கிழி.

ஆகையால் மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். இனிமே நான் துணி கிழிக்கிறப்பல்லாம் உங்க பேத்தி அது மேல ஏறி உட்கார்ந்துக்கிறதுன்னும், கொடியில ஆள் இருந்தா உங்க பொண்ணு முன்னாடியே குரல் கொடுக்கிறதுன்னும் ஏற்பாடு. வர்றப்ப புல்லுக்கட்டு நாலு கொண்டு வாங்க. அந்தப் பொருட்காட்சிக்காரர்கிட்ட மிச்சம் மீதி டிக்கெட் இருந்தா அதையும் கேட்டு வாங்கிட்டு வாங்க, ரொம்ப அவசரம். இந்தத் தாளோட கீழ்ப்பாதி இல்லாம வர்றதுக்கு மன்னிக்கணும். மூணு சுத்து முடிஞ்சதும், “அப்பா, இன்னொண்ணு”ன்னா.