விரியும் குண்டும் உறைந்த சூரையும்

ஹம், ஜெர்மனி, பங்குனி 2

பேரன்புள்ள கொட்வின் அத்தான் அவர்கட்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் தங்கை மரியமலரும் நலம். ஹூஸ்டனில் உங்கள் நலமும், முக்கியமாக உங்கள் நெற்றியின் நலமும் அறிய ஆவல்.

எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள கெல்லரில் மரியமலரின் பழைய சைக்கிள் களவு போனதைக் கேள்விப்பட்டவுடன், கைத்துப்பாக்கிக்குப் போடும் விரியும் குண்டுகளை ஒப்பிட்டுப் பதினான்கு பக்கம் எழுதி அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. ஒரு சைக்கிளுக்கு இவ்வளவு பாசம் யார் காட்டுவார்? மூன்று நாள் லீவு போட்டு வாசித்தேன். முதல் குண்டு உடம்புக்குள் போனதும் அகலமாக விரிந்து அங்கேயே நின்றுவிடுமாம், இரண்டாவது குறைவாக விரிந்தாலும் தடித்த குளிர்கோட்டைத் தாண்டி ஆழமாகப் போகுமாம், ஜெர்மனியில் கள்ளனும் கோட்டுப் போட்டிருப்பான் என்று நான் இரண்டாவதையே தெரிவுசெய்தேன். துப்பாக்கி இல்லை என்ற சின்னக் குறை மட்டும் இருந்தது. அதற்கு விண்ணப்பம் எழுதி, டெர்மின் என்று சந்திக்க ஒரு நேரமும் எடுத்துப் போனால், அலுவலக அம்மா, "இதுவரை யாராவது உங்கள் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைந்திருக்கிறார்களா?" என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வராது. "ஓம். கொலோன் தங்கராசா அண்ணை, கொறற்றி அக்கா குடும்பமாய் ஆறு பேர், என்ர அத்தான் ரெண்டு தரம்" என்றேன். அவர் பேனாவை மூடிவைத்து, "உங்களுக்குத் தேவை துப்பாக்கி இல்லை, பெரிய சாப்பாட்டு மேசை" என்று அனுப்பிவிட்டார்.

அவரைத் திட்டிக்கொண்டே வீடு வந்தேன். இப்போது அவருக்காக மாதா கோவிலில் மெழுகுதிரி கொளுத்துகிறேன். ஏனென்றால் மார்கழியில் எங்களைத் திகைக்க வைக்கவென்று ஒரு சொல் சொல்லாமல் ஹூஸ்டனிலிருந்து வந்து, கெல்லர்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றீர்கள். அங்குள்ள ஃப்ரீசரில் மீன் எடுத்துத் திரும்பிய மரியமலர் நிழலைக் கண்டு, "ஐயோ, சைக்கிள் கள்ளன்!" என்று கையிலிருந்த உறைந்த சூரையால் ஒன்று போட்டாள். சூரை விரியவும் இல்லை, ஆழம் போகவும் இல்லை, நெற்றி மட்டும் வீங்கியது. அன்று நீங்கள் போட்டிருந்தது தடித்த குளிர்கோட்டு, அத்தான். நான் தெரிவுசெய்த குண்டு அதற்கென்றே ஆனது. அந்த மீனையே குழம்பு வைத்தபோது, "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் போடு" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்களே, அந்த மனதுக்கு எப்படி நன்றி சொல்வேன்! எனக்கு இருப்பது ஒரேயொரு அத்தான். அவர் இன்னும் இருக்கிறார்.

உங்களை அன்று காத்த ஆண்டவர் என்றும் காப்பாராக. இனி வருவதென்றால் ஒரு போன் எடுத்துப்போட்டு வாங்கோ.

இப்படிக்கு,
நன்றி மறவாத மச்சான்
அம்புறோஸ்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது மரியமலர் விருந்தாளிக் கட்டிலுக்குப் புதுத் துணி விரிப்பதைக் கண்டேன். விசாரித்தால், உங்கள் மனைவி போன் எடுத்தாராம். "வெரோனிக்கா மச்சாள் சொன்னவ, அண்ணை வெள்ளிக்கிழமை சொல்லாமல் வாறாராம். உங்களுக்குச் சொல்ல வேண்டாமாம்" என்கிறாள். ஆகவே இதைத் தபாலில் சேர்க்கவில்லை, வாசற்கதவின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கிறேன். வாசித்து முடித்ததும் மணியை அடியுங்கோ. நேற்று வாங்கிய சூரை முந்தியதைவிடப் பெரிது.