கன்னத்தின் சுற்றளவு

12.11.2007, திங்கள். இன்று ஒரு சிறு தவறு. காலை டிபனுக்குப் பிறகு போட வேண்டிய மாத்திரையை மறந்து, மாலை வகுப்பு முடிந்து வந்து போட்டேன். தூக்கம் வரவில்லை. பசி தாங்காமல் ஃபெலிக்ஸின் பிரெட்டைத் தின்றுவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

புருஷோத்தமன் நாட்குறிப்பை மூடினான். சந்தேகம் வந்து மறுபடி திறந்து, 'ஜாமையும்' என்று சேர்த்தான். தவறை எழுதினால் முழுசாக எழுத வேண்டும்.

உடம்பெல்லாம் தடித்து அரித்த தோல் நோய்க்கு டாக்டர் வெங்கடகிருஷ்ணன் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை அது. ஆறு வாரத்தில் அரிப்பு ஓடிவிட்டது. ஆனால் முகம் பன் மாதிரி உப்பிவிட்டது.

மறுநாள் காலை மாயவரத்திலிருந்து அம்மா சாந்தா போன் செய்தாள்.

"டேய், நீ வேலை பார்க்கிற ஊர்லயே, ஏ.எஸ்.ராவ் நகர்ல ஒரு பொண்ணு. பேரு ப்ரியா. அப்பா நாராயணஸ்வாமி, ரிட்டயர்ட் இன்ஜினீயர். உன் போட்டோவைப் பார்த்துப் பிடிச்சுப்போச்சாம். டிசம்பர் ரெண்டாம் தேதி வரச் சொல்றா."

புருஷோத்தமன் கண்ணாடியைப் பார்த்தான். ஏற்கெனவே பெண் பார்க்கப் போய் மூன்று வீட்டில் காபி குடித்திருந்தான். மூன்று வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிடித்திருக்கிறது என்று ஒரு பெண் சொன்னது இதுதான் முதல் தடவை. ஆனால் அவள் பார்த்தது ஸ்டூடியோ போட்டோ. போன வருஷம் ஏழு எடுத்து, அதில் தேர்ந்து அவனே அம்மாவுக்கு அனுப்பியது. கன்னம் ஒட்டி, தாடை கூராக இருக்கும்.

"லேய் மக்கா, உன்ன பாத்தா அந்தப் பொண்ணு 'மாப்பிள்ளை எங்கே'ன்னுதான் கேக்கும்" என்றான் ஃபெலிக்ஸ். நாகர்கோவில்காரன். கொண்டாப்பூரில் அவனோடு அறையைப் பங்கு போட்டுக்கொண்டவன். "அது போட்டும். என் பிரெட்டு எங்கல?"

புருஷோத்தமன் தையல் டேப் ஒன்று வாங்கினான். மூக்கு நுனியில் தொடங்கி காது வழியாகத் தலையைச் சுற்றித் தினமும் அளந்து எழுதினான். மூன்று நாள் சோற்றைக் குறைத்தான். டேப் அசையவில்லை. மாத்திரைதானே காரணம்? நான்காம் நாள் மாத்திரையையே நிறுத்திவிட்டான். டாக்டரைக் கேட்கலாமா என்று யோசித்தான். கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை.

இரண்டே நாளில் கைகால் ஓய்ந்தது. மூன்றாம் நாள், ஆபீஸ் விட்டதும் அவன் பாடம் எடுக்கும் அமீர்பேட்டை மாலை வகுப்பில், போர்டில் எழுத எழுந்தவன் மார்க்கரோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். கழுத்தில் பழைய தடிப்பு எட்டிப் பார்த்தது. முகம் மட்டும் அப்படியே இருந்தது.

"யாரைக் கேட்டு நிறுத்தினே?" என்றார் டாக்டர்.

"பொண்ணு பார்க்கப் போகணும் சார்..."

"பொண்ணு பார்க்கப் போறதுக்கு உயிரோட இருக்கணுமேப்பா. இத்தனை வாரமா மாத்திரை வருதுன்னு உன் உடம்பு தன் வேலையை விட்டுட்டுத் தூங்குது. டக்குனு நிறுத்தினா பி.பி. இறங்கி ஆளே விழுந்துடலாம். மாடியிலேர்ந்து படிப்படியாத்தான் இறங்கணும். குதிக்கக் கூடாது."

"குதிச்சது தப்புதான் சார்."

"காலையில, சாப்பிட்டப்புறம். நான் எழுதிக் குடுக்கிற அளவு. உப்பைக் குறை, சுகர் டெஸ்ட் எடு. இந்த மாத்திரை சாப்பிடறேன்னு ஒரு சீட்டு எழுதி பர்ஸுல வை. முகம் தானா வடியும். அவசரப்படுத்தினா வடியாது."

டிசம்பர் இரண்டு எப்படியும் முடியாது. அம்மாவுக்குப் போன் போட்டு, ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ், லீவே கிடையாது என்றான்.

"அப்புறம் மார்கழி வந்துடும்டா! பொண்ணு பார்க்கவே மாட்டா. இனி தைதான்!"

அம்மா திட்டத் திட்ட அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இரண்டு மாதம் கிடைத்துவிட்டது. டாக்டர் சொன்னபடி மாத்திரையைக் குறைத்தான். பிரியாணிக் கடைக்குப் போய் உப்பில்லாமல் பிரியாணி கேட்டு, ஃபெலிக்ஸை வெளியே ஓட வைத்தான். டேப் வாரத்துக்கு வாரம் இறங்கியது. மாத்திரை ஒன்றாகி, அரையாகி, பொங்கலுக்குத் தாடை திரும்பி வந்தது. ஸ்டூடியோ போட்டோவைக் கண்ணாடி பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அச்சு அசல்!

ஜனவரி இருபது, ஞாயிறு. ஏ.எஸ்.ராவ் நகரில் நாராயணஸ்வாமி வாசலுக்கே வந்து அம்மாவை வரவேற்றார். புருஷோத்தமனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, தெருவை எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை வண்டியை நிறுத்திட்டு வராரா?"

"நான்தான் சார் மாப்பிள்ளை."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். புருஷோத்தமன் வாங்கிப் பார்த்தான். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது எடுத்தது. வாயில் அதிரசத்தோடு முழு நிலா மாதிரி ஒரு முகம்.

"அம்மா, நான் அனுப்பின போட்டோ?"

"அதுல கன்னம் ஒட்டி, நாலு நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி இருந்தேடா" என்று அம்மா கிசுகிசுத்தாள். "தீபாவளிக்குத்தான் பிறந்ததிலேர்ந்து முதல் தடவையா உன் முகத்துல சதை. அதைத்தான் அனுப்பினேன்."

புருஷோத்தமன் பர்ஸிலிருந்து டாக்டர் சொன்ன சீட்டை எடுத்து நீட்டினான். "சார், அது என் கன்னம் இல்ல. மாத்திரையோட கன்னம். வியாதி சரியாயிடுச்சு. இன்னும் அரை மாத்திரைதான் பாக்கி."

நாராயணஸ்வாமி சீட்டை இரண்டு முறை படித்தார். எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்தார். பஜ்ஜித் தட்டோடு வந்த ப்ரியா அவன் தாடையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் வந்த தங்கை அக்ஷதாவுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"டாடி, பதினோரு ஒல்லி மாப்பிள்ளைக்கு வேண்டாம், நக்கோ நக்கோன்னவ, அந்தக் கன்னத்தைப் பார்த்துத்தானே அக்கா ஹவ், சரின்னு சொன்னா!"

20.1.2008. யோசிக்க ஒரு வாரம் கேட்டிருக்கிறாள். நாளை: கன்னத்துக்குக் காலையில் எட்டு இட்லி. அதன் பிறகு அரை மாத்திரை. அரை மட்டும்.