அனுமதியில்லாமல் ஆறிய விரல்

உங்கள் வீட்டில் யாருக்காவது விரலில் வெட்டுப்பட்டால், எந்தத் திசுவில் பட்டது என்று விசாரித்துவிட்டா துணி சுற்றுவீர்கள்? நாங்கள் விசாரிக்காமல் சுற்றிவிட்டோம். அதனால்தான் இத்தனை பாடும்.

என் வீட்டுக்காரருக்குத் தகரப் பெட்டி செய்கிற பட்டறையில் வேலை. தகரம் விரலைக் கிழித்துவிட்டது. "ஆறிடுச்சுன்னு ஆஸ்பத்திரிச் சான்று கொண்டுவந்தாத்தான் மெஷின்ல விடுவேன். அடுத்த திங்கக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் வேற ஆள்" என்று சொல்லிவிட்டார் முதலாளி. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஓர் இயக்குநர் வந்திருந்தார். எங்கோ பயிற்சிக்குப் போய், மனித உடம்பு நான்கு வகைத் திசுக்களால் ஆனது என்ற அரிய உண்மையை அறிந்து திரும்பியவர். உடம்பே நான்கு பிரிவாக வேலை செய்யும்போது வைத்தியம் மட்டும் ஏன் ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்று, தளத்துக்கு ஒரு திசுவாகப் பிரித்துவிட்டார். காகிதம் இல்லாத அலுவலகம்தான் இப்போது நாகரிகமாம். ஆகவே காகிதமும் ஒழிந்தது. சீல் எல்லாம் கட்டுத்துணி மேலேயே விழும். நான்கு சீலும் விழுந்த துணிதான் சான்று.

கீழ்த்தளம் எபிதீலியத் திசு, அதாவது தோல் மாதிரி உடம்பை மூடிக் காக்கிற திசு. அங்கிருந்த மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"கிழிசல் எங்களுதுதான். ஆனா ரத்தம் வருதே! அது இணைப்புத் திசு. முதல் மாடி."

"தண்ணியாட்டம் ஓடுது. அது எதைங்க மேடம் இணைக்குது?"

"எலும்பு, கொழுப்பு, ரத்தம் எல்லாம் ஒரே குடும்பம்மா. ஒண்ணு தாங்கும், ஒண்ணு சேர்த்துவைக்கும், ஒண்ணு ஓடியாடி எல்லாருக்கும் சாப்பாடு கொண்டுபோகும்."

ஓடியாடிச் சாப்பாடு கொடுப்பது யார் என்று எனக்குத் தெரியாதா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன்.

முதல் மாடி அதிகாரி கையை விரித்தார். "ரத்தம் நிக்கணும்னா மேல மூடணும். மூடுறது கீழ்த்தளத்து அதிகாரம். அதுல நாங்க தலையிட முடியாது." அவர் விளக்கி முடிப்பதற்குள் ரத்தம் தானாக உறைந்து நின்றது. 'தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று சீல் குத்தினார்.

இரண்டாம் மாடி, தசைத் திசு.

"மடக்குங்க."

மடக்கினார்.

"சுருங்குது, விரியுது. தசை தன் கடமையைச் செஞ்சிருக்கு. ஆனா யாரு உத்தரவு குடுத்தது?"

"நீங்கதானே சார் மடக்கச் சொன்னீங்க?"

"நான் உங்க காதுக்குச் சொன்னேன். தசைக்குச் சொன்னது நரம்பு. அங்க கேட்டுட்டு வாங்க."

மூன்றாம் மாடியில், "வலிக்குதா?" என்றார் நரம்புத் திசு அதிகாரி.

"வலிக்குதுங்க."

"அது நீங்க சொல்றது. நரம்பு சொல்லணும்." சொல்லிக்கொண்டே காயத்தை அழுத்திக் கிள்ளினார். வீட்டுக்காரர் போட்ட "அம்மா!"வில் குழந்தையும் சேர்ந்து அழுதது. 'தகவல் பெறப்பட்டது' என்று சீல் விழுந்தது. அதைக் காட்டியதும் தசையும் சீல் குத்தியது.

மூன்று சீலோடு கீழே வந்தால் நாற்காலி காலி.

"மேடம் பயிற்சிக்குப் போயிட்டாங்க. சனிக்கிழமை வாங்க" என்றார் காவலாளி.

"என்ன பயிற்சிங்க?"

"சீக்கிரமா வேலை செய்யறதுக்கு."

சனிக்கிழமை மேடம் கட்டைப் பிரித்தார். உள்ளே புதுத்தோல் பளபளவென்று மூடியிருந்தது.

"இதை யாரு மூடினது?"

"தானா மூடிக்கிச்சுங்க."

"எங்க பிரிவு வேலையை எங்களைக் கேக்காம செஞ்சிருக்கு!"

"மேடம், ஆறினதுக்குத்தானே சான்று?"

"ஆறாத புண்ணை நான் பார்த்துச் சீல் போடணும், அதுக்கப்புறம்தான் அது ஆறணும். புண்ணே இல்லாத விரலுக்கு எதைப் பார்த்துச் சீல் போடுறது?"

அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இப்படியும் கிறுக்குப் பிடிச்ச ஜனங்க இருப்பாங்களா!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிரிப்பு நின்றது. நாலாவது சீல் விழாவிட்டால் மறுநாளோடு கெடு முடிந்து, மெஷினில் வேற ஆள்.

"போனாப் போகுது, வேற வேலை தேடிக்கலாம்" என்றார் அவர்.

"பேசாம இருங்க. மூணு சீல் வாங்கியாச்சு, ஒண்ணுதான் பாக்கி."

குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, புது பிளேடை உறையிலிருந்து எடுத்தேன்.

"கண்ணை மூடிக்கிட்டு விரலை நீட்டுங்க. காலையில கதவு திறந்ததும் மேடம்கிட்ட போய் நின்னுடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், இந்தத் தடவையாவது சீல் விழற வரைக்கும் ஆறாம பார்த்துக்குங்க."