'செட்' என்னும் சொல்லின் ஏழாம் அட்டை

பெருமதிப்பிற்குரிய அகரமுதலித் தொகுப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் மூக்குக்கண்ணாடியும், தங்கள் மேசைமீதுள்ள அந்த மணியும் நலமென நம்புகிறேன். நான் நலம். என் வீடும் நலம். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

தெருவில் வழங்கும் ஆங்கிலச் சொற்களின் தொகுதிக்கெனத் தாங்கள் எனக்கு ஒதுக்கியது 'செட்'. ஆயிரம் மேடை கண்டவனுக்கு, அயற்சொல் கேட்டால் அரிமாவெனச் சீறியவனுக்கு, அரைவிரல் நீளச் சொல்! பொருள் ஏழு; கேட்ட வாக்கியத்தை எழுதிவைக்கப் பொருளுக்கொன்றாக அட்டை ஏழு. உயிருள்ள ஒருவர் நம் முகம் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், ஒட்டுக்கேட்டது செல்லாது என்பது தங்கள் நெறி. ஏற்றேன்.

முதல் அட்டை என் குளியலறையிலேயே கிடைத்தது. தரை பூசிய கொத்தனார், "ஐயா, உள்ள வராதீங்க, இன்னும் செட் ஆகல" என்றார். "இறுகவில்லை என்று சொல்லுங்கள்! இரும்பினும் வலிய தமிழிருக்க இரவல் எதற்கு?" என முழங்கியபடி ஓரடி முன்வைத்தேன். "இறுகறது இருக்கட்டும், மொதல்ல கால எடுங்க!" எடுத்தேன். அந்த ஒற்றைச் செருப்புத்தடம் இன்றும் உள்ளது; வேறு தடம் படிய இங்கு ஆளில்லை. அடுத்து, பல் மருத்துவ அம்மையார் "பல் செட்டுக்கு அளவு எடுக்கணும்" என்றார். 'பல்வரிசை' எனத் திருத்த வாய் திறந்தேன். திறந்த வாயில் மாவை அடைத்துவிட்டார். கைதட்டலில் அரங்கம் அதிரக் கண்டவன், ஐந்து நிமிடம் வாய்மூடி இருந்ததற்காக "சமத்து!" என்று பாராட்டுப் பெற்றேன். முடிதிருத்துபவர் "இந்த மீச உங்களுக்கு செட் ஆகல சார்" என்றார். அட்டையைப் பெற்றேன், மீசையை இழந்தேன். வானொலி செட் பழுதுபார்ப்பவரிடம் ஒன்று. கடிகாரக்காரர், "அலாரம் செட் பண்ணித் தரவா? எத்தன மணிக்கு எழுந்திரிக்கணும்?" என்று கேட்டபோதுதான், எம்மணிக்கும் எழ வேண்டிய தேவை எனக்கில்லை என்பது விளங்கிற்று. மானம் காக்க 'ஆறு' என்றேன். பிறகு ஒரு குவளை வாங்கப் போனேன். "தனியா வராது சார், ஆறு சேந்துதான் ஒரு செட்." "ஒருவன் எத்தனை வாயால் குடிப்பான்?" "ஏன் சார், வீட்டுக்கு யாரும் வரமாட்டாங்களா?" ஆறையும் வாங்கினேன். ஐந்து இன்னும் தாள் பிரிக்கப்படவில்லை.

எஞ்சியது ஏழாம் பொருள்: சேர்ந்து படித்தவர், சேர்ந்து திரிந்தவர், 'நம்ம செட்'. பூங்கா இருக்கையில் கிழவர்கள் நாள்தோறும் இச்சொல்லைத் தமக்குள் வழங்குகிறார்கள். மூன்று நாள் ஓரத்தில் அமர்ந்து காத்திருந்தேன். நான்காம் நாள் ஒருவர் என் முகம் பார்த்தார். "சார், கொஞ்சம் வேற இடம் பாக்கறீங்களா? எங்க செட் ஆளு வர்றாரு." நெறிப்படி அது செல்லும். எழுதத்தான் கை வரவில்லை.

நம் வகுப்பில் சேர்ந்து திரிந்தவர் நால்வர். இருவர் போயினர். அவர்களுள் ஒருவனான எலும்பனின் இறுதி ஊர்வலத்தில் தாங்கள் இடப்பக்கம், நான் வலப்பக்கம், நடுவில் அவன், மூவருமே பேசவில்லை. எல்லாம் அந்த மணியால் வந்தது! பட்டிமன்றத் தலைவராக அமர்ந்து, நான் பேசிக்கொண்டிருக்கையில் தாங்கள் மணியடித்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அந்தச் சொற்றொடர் இன்னும் முடியவில்லை, சொல்லி முடிக்க விட்டீங்களா? ஒரே ஒரு வினைமுற்றுதானே பாக்கி!

பொறுத்தருள்க. ஏழாம் பொருள் வழக்கொழிந்தது என அறிவித்து அதனை நீக்குக. என்னையும் இப்பணியினின்று விடுவிக்க. இதன்பொருட்டுத் தாங்கள் நேரில் வர வேண்டா. வந்தாலும் என் கதவு திறவாது.

தங்கள் இல்லம் சிறக்க, அகரமுதலி வளர்க, மணியின் நா தேய்க.

இங்ஙனம்,
சொற்சேகரிப்பாளன்

பின்குறிப்பு: கதவுல தாழ்ப்பாள் சரியில்ல, தள்ளினா தெறந்துக்கும். டேய் காற்புள்ளி, ஞாயித்துக்கெழம வாடா. செட்டுல ரெண்டாவது கப்பப் பிரிச்சுக் கழுவி வெச்சுட்டேன். ஏழாவது அட்டையில எழுத, என் மூஞ்சியப் பாத்து ஒருதரம் சொல்லிட்டுப் போ. மணியையும் எடுத்துட்டு வா. நான் ரொம்பப் பேசுவேன்.