கணினிக்குள் வேண்டாத சரக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கிடங்கு மேற்பார்வையாளர் சபதம் எடுத்தார். வீட்டு லினக்ஸ் கணினியில் இனி ஒரு வேண்டாத மென்பொருள்கூட இருக்கக் கூடாது! கிடங்கில் இருபது வருஷமாக வேண்டாத சரக்கைக் கழித்துக்கட்டிய கை அவருடையது. அந்தக் கைக்கு இந்தக் கணினி எம்மாத்திரம்?

"என்னங்க, ரெண்டு மணிக்குள்ள என் புத்தகம் அச்சகத்துக்குப் போகணும். அதுல கை வைக்காதீங்க" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது அவள் தொழில்.

"இடமே இல்லாம மூச்சு முட்டுது, பாவம். வேண்டாததை மட்டும்தான் எடுப்பேன்."

"எதை எடுத்தா கூட எதெல்லாம் போகும்னு படிச்சுப் பார்த்தீங்களா?"

"எனக்கே சொல்லித் தர்றியா?"

கணினியிலிருந்த மென்பொருள் பட்டியலில் ஒரு பெயர் அவர் கண்ணை உறுத்தியது. ஏதோ துணை மென்பொருளாம். அதை அவர் ஒரு நாளும் திறந்ததில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் எவரையும் அவருக்குப் பிடிக்காது, தன்னைத் தவிர. நீக்கச் சொல்லிக் கட்டளை அடித்து, என்டரைத் தட்டினார்.

'நீக்கு, நீக்கு' என்று திரையில் வரிகள் ஓடின. அந்தத் துணையை நம்பிப் பிழைத்த அத்தனையும் வரிசையில் வந்தன. தமிழ் எழுத்துருக்கள். அச்சுப்பொறி. கடைசியில், பக்கம் அமைக்கும் மென்பொருளே! அவளுடைய மூன்று மாத உழைப்பு. சமையலறைக்கு ஓடினார்.

"அம்மாடி, கோபப்பட மாட்டேன்னு சொல்லு. ஒரு மாசம் பாத்திரம் நான் கழுவுறேன்."

"ஒரு மாசமா?" அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மூணு மாசம்! உன் தம்பி வந்து தங்கினாலும் வாயே திறக்க மாட்டேன்."

"அவன் குடும்பத்தோடதான் வருவான்."

"வரட்டும்! அவனோட கடிநாயையும் கூட்டிட்டு வரட்டும்! உன் சாப்ட்வேர் எல்லாம் போச்சும்மா. நான்தான் அழிச்சுட்டேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். ஒரே சொடுக்கு. புத்தகம் பக்கம் பக்கமாக விரிந்தது. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

"இது எப்படி?"

"போன தடவை இப்படித்தான் அச்சுப்பொறியைத் துரத்தினீங்களே, அன்னைக்கே கம்ப்யூட்டரை மாத்தி வச்சுட்டேன். நீங்க எதை நீக்கச் சொன்னாலும் ஒத்திகைதான் நடக்கும். பட்டியல் வரும், ஒண்ணும் போகாது."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா! அப்போ நான் கொடுத்த வாக்கும் ஒத்திகைதானே?"

அதற்குள் அவள் கைபேசியைக் காதில் வைத்திருந்தாள்.

"தம்பி, மாமா உங்க எல்லாரையும் வரச் சொல்றார். ஆமாடா, நாயையும்தான்."